ஆவணிக்குள் கறுக்க வேண்டிய தலை

18 ஜூன் 1984, திங்கள்

கல்லூரி திறந்தது. போன வருஷம் மொழுமொழுவென்று போன பையன்கள் எல்லோரும் மீசையோடு திரும்பி வந்திருக்கிறார்கள். எங்கள் வேதியியல் துறைக்கு ஒரு அம்மையாரை மாற்றிப் போட்டிருக்கிறது அரசாங்கம். பெயர் உலகநாயகி. சொந்த ஊர் தென்காசி, பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கியிருக்கிறார். எனக்கு எதிர்மேசை கொடுத்திருக்கிறார்கள். வேறு இடம் இல்லையாம்.

யோசிக்கும்போது பேனாவின் பின்பக்கத்தைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொள்கிறார். இடது கன்னம். முன்நெற்றியில் ஒரு நரைக்கற்றை உண்டு. அதை மறைக்க எந்த முயற்சியும் செய்ததாகத் தெரியவில்லை. இன்னும் மணமாகவில்லை என்று துறைத்தலைவர் தானாகவே சொன்னார். நான் எதற்குக் கேட்கப் போகிறேன்.

மற்றபடி எழுதும்படி ஒன்றுமில்லை. வீட்டில் வடிவக்கா கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். உப்பு கூட.

26 ஜூன், செவ்வாய்

காலையில் டவுன் பஸ்ஸில் நல்ல நெரிசல். கண்டக்டர் ஒரு மாணவனை எழுப்பிவிட்டு, என்னைப் பார்த்து, "பெரியவரே, இங்கன உக்காருங்க" என்றான். எனக்கு வயது நாற்பத்து மூன்று. பெண்கள் பக்கத்தில் உலகநாயகி நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். சிரித்தார் என்று சொல்ல முடியாது. சிரிக்காமல் இருந்தார் என்றும் சொல்ல முடியாது.

உட்கார்ந்தேன். கால் வலித்தது, அதனால்தான்.

28 ஜூன், வியாழன்

நரை என்பது நிறமி குறைவதால் வருகிறது. அதைப் பற்றி ஒரு வேதியியல் விரிவுரையாளன் யோசிப்பதில் தவறில்லை.

கடைச் சாயத்தை வாங்கிப் பூசிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். அந்த வழியை நானே அடைத்துவிட்டேன். விலங்கியல் ஆவுடையப்பன் போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை நரையோடு போய், திங்கட்கிழமை தார் ரோடு மாதிரித் தலையோடு வந்தார். "என்ன சார், தலையை மைக்கூட்டுக்குள்ள விட்டுட்டேரா?" என்று நான்தான் கேட்டேன். ஆசிரியர் அறை ஒரு மாதம் சிரித்தது. என் தலை ஒரே நாளில் கறுத்தால் மனுஷன் எனக்குத் தவில் வாசித்துவிடுவார்.

ஆகவே மெல்ல மெல்லக் கறுக்க வேண்டும். இருக்கவே இருக்கிறது லெட் அசிட்டேட். பழைய பெயர் காரீயச் சர்க்கரை. வெள்ளைப் படிகம், தண்ணீரில் நன்றாகக் கரையும், லேசான காடி வாடை. நாக்கில் வைத்தால் இனிக்குமாம். கொல்லவும் செய்யும். ஆனால் முடியில் பூசினால், முடியிலேயே இருக்கிற கந்தகத்தோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பு லெட் சல்பைடாகப் படியும். முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, அப்புறம் கறுப்பு. எந்த நாளில் கறுத்தது என்று யாராலும் கையை நீட்டிச் சொல்ல முடியாது.

முழுக்க முழுக்க அறிவியல் ஆர்வம். இந்த டைரியில் ஆய்வுக் குறிப்புகளை மட்டுமே எழுதுவதாக உத்தேசம்.

30 ஜூன், சனி

கல்லூரி இருப்பிலிருந்து எடுத்தால் கையெழுத்துப் போட வேண்டும், காரணம் எழுத வேண்டும். டவுனில் நாட்டுமருந்துக் கடைக்குப் போய் மிருதார்சிங்கி கேட்டேன். அதுதான் லெட் ஆக்சைடு, காவியும் மஞ்சளுமாகப் பாளம் பாளமாக இருக்கும். களிம்பு காய்ச்சுகிறவர்கள் வாங்குவார்கள். கடைக்காரர் புன்னைவனம் பொட்டலம் கட்டிக்கொண்டே, கடை நிறைய ஆள் நிற்கும்போது, "மூலமா, படையா சார்?" என்று கேட்டார். ஆராய்ச்சி என்றேன். அவர் தலையை ஆட்டிய விதத்திலிருந்து, ஆராய்ச்சி என்றால் மூலம் என்று முடிவு கட்டிவிட்டார் என்று தெரிந்தது.

4 ஜூலை, புதன்

தயாரிப்பு. நேற்று வடிவக்கா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் புழக்கடையில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்தேன். மிருதார்சிங்கியை இடித்துத் தூளாக்கி, அசிட்டிக் அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சூடாக்கினால் கரைந்துகொண்டே போகிறது. வடிகட்டி, சுண்டவைத்து, ஆறவிட்டேன். விடிந்து பார்த்தால் பாத்திரத்தின் அடியில் படிகங்கள். அத்தனை வெள்ளை, அத்தனை அழகு. எம்.எஸ்சி. படித்த காலத்தில்கூட எனக்கு இப்படி விளைந்ததில்லை.

கிணற்றுத் தண்ணீரில் கரைத்ததும் பால் மாதிரித் திரிந்துவிட்டது. எங்கள் கிணறு உப்புக் கிணறு, அதிலிருக்கிற சல்பேட்டும் கார்பனேட்டும் காரீயத்தைப் பிடித்துக் கீழே இறக்கிவிடும். பேட்டரிக் கடையிலிருந்து வாலைவடிநீர் வாங்கி வந்து கரைத்தேன். கண்ணாடி போல நின்றது. காடி வாடைக்குப் பன்னீர் சேர்த்தேன்.

மிச்சப் படிகத்தை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடினேன். வடிவக்காவுக்குப் புரிந்துவிடக் கூடாது என்று மேலே வெறும் வேதியியல் வாய்பாட்டை மட்டும் எழுதி ஒட்டி, அடுக்களைப் பரணில் கடைசி வரிசையில் வைத்தேன்.

8 ஜூலை, ஞாயிறு

முதல் பூச்சு. இடது காதுக்கு மேல் மட்டும். காண்பது: ஒன்றுமில்லை. உய்த்துணர்வது: பொறுமை வேண்டும்.

வடிவக்கா முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னலே இது, கல்யாண வீட்டு வாசல்ல நிக்க மாதிரி வாட அடிக்கி?" என்றாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவள் புருஷன் இறந்தபின் என்னோடுதான் இருக்கிறாள். என் வயதை மறக்காத ஒரே ஆள். புது சோப்பு என்றேன். அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, மூலத்துக்கு மருந்து வாங்கினாயாமே, என்னிடம் சொல்ல என்ன வெட்கம் என்றாள். இரவுச் சாப்பாட்டுக்குக் கருணைக்கிழங்கு மசியல் வந்தது.

13 ஜூலை, வெள்ளி

வைக்கோல் நிறம்! இனித் தலை முழுவதும்.

16 ஜூலை, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. ஆசிரியர் அறையில் ஆவுடையப்பன் ஒரு செய்தியோடு வந்தார். உலகநாயகிக்கு வரன் பார்த்திருக்கிறார்களாம். சங்கரன்கோயிலில் வங்கி அதிகாரி. அம்மா அப்பா இல்லாததால் தென்காசியில் இருக்கிற தாய்மாமாதான் எல்லாம் முடிவு செய்கிறாராம். ஆடியில் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பதால் ஆவணி ஒன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, பெண் பார்க்க வருகிறார்கள்.

நல்ல விஷயம். வங்கி வேலை நிரந்தரமான வேலை. அவர் சந்தோஷமாக இருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

இன்றிலிருந்து பூச்சு காலையிலும் மாலையிலும். ஆய்வைத் துரிதப்படுத்துவதற்கு வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

27 ஜூலை, வெள்ளி

பழுப்பு தாண்டிக் கறுப்பை எட்டிப் பார்க்கிறது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆவுடையப்பன் மட்டும் ஒரு தரம் உற்றுப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மதியம் உலகநாயகி, "லீவு எதும் எடுத்தியளா சார், முகம் தெளிஞ்சாப்ல இருக்கு?" என்று கேட்டார். முகம் தெளிஞ்சாப்ல இருக்கு. நன்றி சொல்லிவிட்டு, கையில் இருந்த சாக்பீஸைக் காபியில் விட்டுக் கலக்கினேன்.

சில நாளாக வயிறு இறுகிக் கிடக்கிறது. வாயில் தகரத்தை நக்கிய ருசி. வடிவக்காவின் சமையல் மோசமாகிக்கொண்டே வருகிறது.

2 ஆகஸ்ட், வியாழன்

ஆடிப் பெருக்கு.

ஆற்றங்கரைக்குக் கொண்டுபோக வடிவக்கா சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் நாலு பேர் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். "டைமன் கல்கண்டு இம்புட்டு வச்சிக்கிட்டு எங்கிட்ட சொல்லல பாரு" என்று அவள் சொல்வது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஹார்லிக்ஸ் பாட்டில் அவள் கையில் இருந்தது. மூடி திறந்திருந்தது.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. பாட்டிலைப் பிடுங்கினேன். பொங்கலில் விழுந்ததா என்று கேட்டேன். இன்னும் போடவில்லை என்றாள். நான் நம்பவில்லை. பானையோடு தூக்கிக் குழியில் கொட்டி மண்ணைப் போட்டு மூடினேன். குழந்தைகள் அழுதன. வடிவக்கா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அது விஷம் என்று சொன்னேன். எதற்குடா வீட்டில் விஷம் என்று கேட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் சாகப் போகிறேன் என்று நினைத்துவிட்டாள். மூலத்துக்காகவா சாகப் போகிறாய் என்று அழுதாள்.

வேறு வழியில்லாமல் தலைக்குத்தான் என்று சொன்னேன். அழுகையை நிறுத்தி என் தலையை உற்றுப் பார்த்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருலே அது?" என்று கேட்டாள்.

யாரும் இல்லை என்றேன். படிகம் முழுவதையும் சோடியம் சல்பேட் கரைசலில் கொட்டிக் கரையாத வெள்ளை வீழ்படிவாக மாற்றி, சிமெண்டில் குழைத்துக் கட்டியாக்கிவிட்டேன். கரைத்து வைத்த தைலம் ஒரு புட்டி மட்டும் இருக்கிறது. அதைக் கல்லூரியில் என் அலமாரியில் பூட்டி வைக்கப் போகிறேன். ஆவணி பிறந்ததும் அதையும் ஒழித்துவிடுவேன்.

10 ஆகஸ்ட், வெள்ளி

இன்று பேசிவிடுவது என்று போனேன். "மேடம், ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். சொல்லுங்க என்றார். கந்தக அமிலம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி முடித்தேன்.

கிருதா இன்னும் முழுதாகக் கறுக்கவில்லை. அதுவும் ஆகட்டும்.

14 ஆகஸ்ட், செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆய்வுக் குறிப்பு என்று இனி யாரை ஏமாற்ற. எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. எதிர்மேசை காலியாக இருக்கிற நாட்களில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நாளை சுதந்திர தினம், விடுமுறை. நாளன்றைக்கு வியாழன், அன்றைக்கே அவள் ஊருக்குக் கிளம்பிவிடலாம். வெள்ளிக்கிழமை வங்கிக்காரர் வருகிறார். பேசினால் இன்றுதான் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மதிய இடைவேளையில் கழிப்பறையில் போய் மிச்சத் தைலம் அத்தனையையும் தலையில் கவிழ்த்தேன். கிருதா, மீசை, புருவம் ஒன்றையும் விடவில்லை. நெற்றியில் வழிந்ததைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன். சட்டைக் காலர் நனைந்தது. நிறமற்ற கரைசல்தானே, காய்ந்தால் தெரியாது. சீவிக்கொண்டு நேராக ஆய்வகத்துக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை மதியம் அவளுக்குப் பருமனறி பகுப்பாய்வு, மாணவர்கள் பியூரெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், ஓரமாகக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசலாம் என்று கணக்கு.

நாளை விடுமுறை என்பதால் புதன்கிழமை வகுப்பை இன்றைக்கு மாற்றியிருந்தார்கள். புதன்கிழமை வகுப்பு உப்புப் பகுப்பாய்வு. நான் உள்ளே போனபோது, வாயு உண்டாக்கும் கிப் கருவி முழுமூச்சாக வேலை செய்துகொண்டிருந்தது. ஆய்வகம் முழுக்க ஹைட்ரஜன் சல்பைடு, அழுகின முட்டை வாடை. இருபது வருஷமாக அந்த வாடையில் கிடக்கிற மூக்கு, எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் நேராகக் கிப் கருவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன், ஏனென்றால் அவள் அங்கேதான் நின்றாள்.

அந்த வாயு இருக்கிறதா என்று பார்க்க என்ன செய்வோம்? லெட் அசிட்டேட்டில் நனைத்த தாளைக் காட்டுவோம். தாள் கறுக்கும். முதலாண்டுப் பையனுக்கும் தெரியும். நான் என் தலையைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"மேடம், உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், காலரைப் பார்த்தாள். கண் விரிந்துகொண்டே போனது. பேச்சின் பாதிப்பு என்று நினைத்து முன்னுரையை நீட்டிக்கொண்டே போனேன். முன்வரிசையில் ஒரு பெண் சோதனைக் குழாயைக் கீழே விட்டாள். அப்போதுதான் வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். கைக்குட்டை மைத்துண்டாக இருந்தது. அலமாரிக் கண்ணாடியில் பார்த்தேன். தலை எண்ணெய் பூசின இருப்புச்சட்டி மாதிரிக் கறுப்பும் மினுக்கலுமாக இருந்தது. நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் கறுப்பு ஓடைகள். புருவம் கரிக்கட்டை. காலரில் கறுப்புப் பட்டை.

வகுப்பு மூச்சு விடவில்லை. சிரித்தால் இன்டர்னல் மார்க் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். உலகநாயகி என்னைப் பார்த்தபடியே குரல் மாறாமல் ஒரு மாணவனிடம் கேட்டாள்.

"முத்துவீரன், அப்சர்வேஷன் என்ன?"

"கறுப்பு, மேடம்."

"இன்ஃபரன்ஸ்?"

"லெட்டா இருக்கலாம் மேடம். காப்பராவும் இருக்கலாம்."

"இருக்கலாம்தான். உறுதிச் சோதனை செய்யாம யாரும் வெளிய போயி எதையும் சொல்லிராதீங்க. எல்லாரும் உங்க உங்க குழாயப் பாருங்க."

முப்பது தலை ஒரே நேரத்தில் குனிந்தது. அவள் சன்னலைத் திறந்துவிட்டு, என் பக்கம் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "தண்ணில போகாது சார். பின்வாசல் வழியா போங்க" என்றாள். போனேன்.

பின்வாசலில் ஆவுடையப்பன் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டார்.

அதே நாள், சாயங்காலம்

லெட் சல்பைடு கறுப்பு. ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் அது வெள்ளை லெட் சல்பேட்டாகிவிடும். கறுத்துப்போன பழைய ஓவியங்களை இப்படித்தான் வெளுப்பாக்குகிறார்கள். நான் ஓவியம் இல்லை என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. பெராக்சைடை ஊற்றியதும் தலை நுரைத்துப் பொங்கிச் சுட்டது. அலறினேன். வடிவக்கா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

காண்பது: உச்சி கறுப்பு. பக்கவாட்டு வெள்ளை. பிடரி செம்பட்டை. நெற்றிக் கறுப்புக் கோடுகள் வெளுத்து, நாமம் சாத்தினாற்போல் மூன்று பட்டையாக நிற்கின்றன. உய்த்துணர்வது எதுவும் இல்லை.

15 ஆகஸ்ட், புதன்

விடிந்ததும் சலூன்காரரை வீட்டுக்கு அழைத்து மொட்டை அடித்துக்கொண்டேன். மீசையும் போயிற்று. வடிவக்கா எரிச்சலுக்குச் சந்தனத்தைக் குழைத்துத் தலை முழுக்கப் பூசினாள். கொடியேற்றத்துக்குப் போனேன். எல்லோரும் கையெடுத்துக் கும்பிடாத குறை. திருச்செந்தூரா, எப்போது போனீர்கள், என்ன வேண்டுதல் என்று முதல்வரே கேட்டார். நான் சந்தனத்தைத் தடவிக்கொண்டேன். கூட வந்த வடிவக்கா மூன்று பேரிடம் திருச்செந்தூர் என்று சொன்னதைக் காதால் கேட்டேன்.

ஆவுடையப்பன் வந்தார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அவர் மொட்டையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நான் கடையில வாங்குறத எழுதித் தாரேன் ஓய். தலையாவது மிஞ்சும்" என்றார். முதுகில் தட்டிவிட்டுப் போனார். மனுஷன் நல்ல மனுஷன்தான்.

உலகநாயகி தூரத்தில் நின்று கொடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

16 ஆகஸ்ட், வியாழன்

ஆசிரியர் அறையில் யாரும் இல்லாதபோது அவளே பேசினாள்.

"ஜூலை மாசமே தெரியும் சார். ஒங்க நகம் கறுத்துக்கிட்டே வந்துச்சு. இத்தன படிச்சிட்டு வெசத்த எடுத்து தலையில தேக்கீங்களேன்னு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு பேசாம இருந்தேன். அது என் தப்பு. மொதல்ல ரத்தத்த சோதிச்சுப் பாக்கணும்."

பார்க்கிறேன் என்றேன். வயிறு இறுகுவதும் வாய்க் கசப்பும் எதனால் என்று எனக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன் என்றேன். அப்புறம், "முந்தாநாள் என்ன பேச வந்தீங்க?" என்று கேட்டாள்.

தலையில் முடி இல்லை, முகத்தில் மீசை இல்லை, சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. "என்னயக் கல்யாணம் பண்ணிக்கிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். இத்தனை சுலபம் என்று தெரிந்திருந்தால் ஜூனிலேயே கேட்டிருப்பேன்.

அவள் பேனாவைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு அவங்க வாராங்க" என்றாள். கொஞ்சம் விட்டு, "தென்காசிக்கு காலையிலயே பஸ் இருக்கு" என்றாள். மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டாள். இதற்குச் சரி என்று பொருளா, பஸ் இருக்கிறது என்று மட்டும்தான் பொருளா என்று இரவு முழுக்க யோசிக்கிறேன்.

17 ஆகஸ்ட், வெள்ளி. ஆவணி 1

முதல் பஸ். வடிவக்கா தாம்பூலம், பூ, பழம் என்று ஒரு கூடை நிறையக் கட்டியிருந்தாள். கேட்டால், சும்மா ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடா போவார்கள் என்றாள்.

தாய்மாமா சட்டநாதன் கூடத்தில் சாயங்காலத்துக்காகச் சமுக்காளம் விரித்துக்கொண்டிருந்தார். கறார் ஆள். எங்களை உட்காரச் சொன்னார். வயது கேட்டார். நாற்பத்து மூன்று என்றேன். வடிவக்கா என்னை முறைத்தாள், நாற்பது என்று சொல்லச் சொல்லிக் கூட்டிவந்திருந்தாள். உத்தியோகம், ஊர், வகையறா எல்லாம் விசாரித்தார். எதற்கு வந்தோம் என்று இன்னும் சொல்லவில்லை. அவர் பார்வை என் மொட்டைத் தலையிலேயே நின்றது.

"திருச்செந்தூரா?"

வடிவக்கா ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். திருச்செந்தூருக்குப் போகவில்லை, சலூனில்தான் எடுத்தேன் என்றேன். மாமாவின் புருவம் சுருங்கியது.

"வேண்டுதல் இல்லாம யாரு மொட்ட போடுவா? என்ன காரியம்?"

சொல்லத்தான் போனேன். காரீயம், கந்தகம், கண்டக்டர், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, எழுந்து போய்விடுவது என்று நினைத்தேன். அதற்குள் அடுக்களை வாசலில் இருந்து உலகநாயகியின் குரல் வந்தது.

"என்னயக் கட்டணும்னுதான் மாமா. நாந்தான் சரின்னுட்டேன்."

அவள் சரி என்று சொல்லி நான் கேட்டது அப்போதுதான். மாமா அவளைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார். விரித்த சமுக்காளத்தை மெதுவாகச் சுருட்டினார். சங்கரன்கோயிலுக்கு ஆள் அனுப்ப வேண்டும், மத்தியானத்துக்குள் சொல்லாவிட்டால் பாவம், அவர்கள் வண்டி பிடித்துவிடுவார்கள் என்றார்.